ஃபோர் வீலாக மாற்றும் முன் டயரைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மலைத்தோட்டத்து மண்பாதைகள் உழுத வயல்போல ஆகிவிடும். கொல்லிமலை, ஜவ்வாதுமலை, சிறுமலை, கொடைக்கானல் கீழ்மலை என எங்கும் இதே நிலைதான். வாழைத்தார் ஏற்றப் போன பிக்கப் வண்டி ஒரு மேட்டில் பின்சக்கரம் சுழன்று நின்றுவிட்டால், அன்றைய சந்தை போயிற்று. அப்போது பட்டறையிலிருந்து ஒரு யோசனை வரும்: “பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று உடைப்புக்கு வந்திருக்கிறது. அதன் முன் ஆக்சிலை எடுத்து உங்கள் வண்டியில் மாட்டிவிடலாம்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரும்பாலான விவசாயிகளுக்கு இது வேண்டாத செலவு, ஆபத்தும்கூட என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் வண்டியோடு பொருத்திப் பாருங்கள்.

மாற்றுவது ஒரு பாகம் அல்ல

முன் ஆக்சில் மட்டும் போதாது. கியர் பெட்டியிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தர ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ வேண்டும். உங்கள் கியர் பெட்டியின் பின்தண்டு அதனுடன் சேராவிட்டால் கியர் பெட்டியையும் மாற்ற வேண்டும். இடையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வந்து உட்காருவதால் பின் ஷாஃப்டைக் குறுக்கி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். முன்பக்கத்துக்குப் புதிதாக ஒரு ஷாஃப்ட் வேண்டும். சேஸிஸில் புதிய தாங்கிகள் வைக்க வேண்டும். ஸ்டீயரிங் ராடு, பிரேக் ஹோஸ், முன் கமான் பட்டை என எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது கிரவுன் பினியன் விகிதம். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது இது. பழைய ஜீப் ஆக்சில்களில் 39-க்கு 8 (4.88), 43-க்கு 8 (5.38) என இரண்டு வகையும் உண்டு. 4.88 என்றால், ஷாஃப்ட் 4.88 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பின்னால் 4.88 இருக்கும் வண்டிக்கு முன்னால் 5.38 மாட்டினால், முன்சக்கரம் 9 சதவீதம் மெதுவாகச் சுற்றப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். கெட்டித் தரையில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, பல்லோ ஷாஃப்டோ உடையும். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான். விகிதம் சரியாக இருந்தாலும், இப்படிப்பட்ட வண்டியைக் காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு கடந்துவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பழைய பிக்கப் என்றால் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி வரும். அதைவிடப் பெரிய கவலை காப்பீடு. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். வண்டிக் கடனே முடியாத குடும்பம் அதைத் தாங்குமா?

எனவே, யார் எவ்வளவு உறுதி சொன்னாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

வண்டி ஏன் நிற்கிறது என்று பாருங்கள். காலி பிக்கப்பில் எடையில் பெரும்பகுதி முன்பக்கம்தான். இழுக்கும் பின்சக்கரத்தில் பாரம் குறைவாக இருப்பதால் அது வெறுமனே சுழல்கிறது. மேட்டுத் தோட்டத்துக்குக் காலியாகப் போகும்போது நான்கைந்து மணல் மூட்டைகளைப் பின் ஆக்சிலுக்கு மேலே நகராமல் கட்டி வையுங்கள். பாரம் ஏற்றும்போது அவற்றை இறக்கிவிடுங்கள்.

அடுத்தது டயர். தார்ச் சாலைக்கான டயர் தேய்ந்து மொட்டையாக இருந்தால், ஃபோர் வீல் வண்டியும் சேற்றில் நிற்கும். உங்கள் வண்டிக்குரிய அளவிலேயே பட்டன் டயர் இரண்டைப் பின்னால் போட்டுப் பாருங்கள். சேற்றுப் பகுதியில் மட்டும் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். ஆனால் பாரத்தோடு குறைக்கக் கூடாது. தார்ச் சாலை ஏறும் முன் மறுபடி காற்றடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஃபோர் வீல் என்பது ஏறுவதற்குத்தான் துணை. ஈரமான இறக்கத்தில் பிரேக் போட்டால், வண்டி நிற்கும் தூரத்தை அது குறைக்காது. ஏறிவிட்டோம் என்ற தைரியத்தில் பாரத்தோடும் ஆட்களோடும் இறங்கும்போதுதான் விபரீதம் நடக்கும்.

உண்மையிலேயே தேவைப்படுவோர்

ஆண்டு முழுவதும் செங்குத்துப் பாதையில் பாரம் ஏற்றுவோருக்கு ஃபோர் வீல் தேவைதான், மறுக்கவில்லை. அவர்கள் தொழிற்சாலையிலேயே ஃபோர் வீலாக வந்த வண்டியைப் பழையதாக இருந்தாலும் தேடி வாங்குவது நல்லது. மஹிந்திரா பொலிரோ கேம்பரில் அப்படி வந்த வகைகள் உண்டு. இருக்கும் வண்டியை விற்ற பணத்தையும் மாற்றத்துக்கு ஒதுக்கிய பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும் முன் ஃபோர் வீல் லீவரைப் போட்டு, மண்தரையில் ஓட்டிப் பாருங்கள். நாலைந்து தோட்டக்காரர்களோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால், செலவு பங்காகிவிடும்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கிராமத்தில் பத்து வண்டிகள் சிக்குவது பெரும்பாலும் ஒன்றிரண்டு இடங்களில்தான். மழைக்கு முன்பே விவசாயிகளோடு அந்தப் பாதையை நடந்து பாருங்கள். பக்கத்தில் வடிகால் வெட்டி, ஏற்றத்தில் சக்கரம் படும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதிக்க ஊராட்சியிடம் கேளுங்கள். ஒரு வண்டியை மாற்றினால் ஒரு வீட்டு விளைச்சல்தான் சந்தைக்குப் போகும். பாதையைச் சரிசெய்தால் பத்து வீட்டு விளைச்சலும் போகும்.