குழாயைக் காலி பண்ணுங்க சாமி!

லே வந்து சேர்ந்த புதுசில் ஊருக்குப் போன் போட்டால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "அங்க தண்ணி வருதாடா?" என்பதுதான். குளிர், சாப்பாடெல்லாம் அப்புறம். கோவில்பட்டிக்காரங்களுக்கு இது புரியும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வந்தாலும் எழுந்து குடம், அண்டா, குண்டான் எல்லாத்தையும் ரொப்பி வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். தெருமுனை அடிபம்பில் அடிச்சு அடிச்சே அம்மாவுக்கு இடுப்பு போச்சு. அதனால என்னைப் பொறுத்தவரை, திறந்ததும் தண்ணி கொட்டுற குழாய் வெறும் வசதி இல்லை, மரியாதை.

அந்த மரியாதையைப் பிடிச்சுக்கிட்டு 2021 டிசம்பரில் நான் அடிச்ச கூத்தை முதலில் சொல்லிடறேன்.

நான் இருக்கிறது மாடி போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா. இங்கே வயசான பெண்களை 'அமாலே' என்றுதான் கூப்பிடணும், நானும் அப்படித்தான். அக்டோபர் கடைசியில் அமாலே வந்து, "பேட்டா, பைப்பைக் காலி பண்ணிடு, மார்ச் வரைக்கும் வாளிதான்" என்றார். எனக்குச் சிரிப்பு. நான் சிவில் இன்ஜினியர் இல்லையா! பைப்பு பூரா ஃபோம் சுத்தி, அதுக்கு மேல கோணிச்சாக்கு கட்டி, பிளாஸ்டிக் டேப் ஒட்டி, "அமாலே, என் பைப்புக்கு உங்களை விட நல்ல ஸ்வெட்டர்" என்று ஜோக் வேற அடிச்சேன்.

டிசம்பர் நடுவில் ஒரு ராத்திரி மைனஸ் 16. காலையில் தண்ணி வரலை. மதியம் வெயிலில் இளகிடும் என்று ஆபீஸ் போயிட்டேன். இளகத்தான் செஞ்சது. ராத்திரியே பைப்பு வாய் பிளந்திருக்கு. உள்ளே ஐஸ் அடைச்சிருந்ததால் ஒழுகலை. வெயில் பட்டதும் மொத்தத் தொட்டியும் கீழே அமாலேயின் ஸ்டோர் ரூமுக்குள் இறங்கிடுச்சு. குளிர்காலத்துக்குச் சேர்த்து வெச்சிருந்த பார்லி மாவு, முள்ளங்கி, உருளைக்கிழங்கு எல்லாம் போச்சு. வாசல் படியில் வழிஞ்ச தண்ணி ராத்திரி கண்ணாடியா உறைஞ்சது. விடியக்காலையில் அமாலே அதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சது.

அவர் என்னைத் திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

இப்ப விஷயத்துக்கு வரலாம். தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும், பள்ளிக்கூடத்தில் படிச்சதுதான். ஆனா ஐஸ் இருக்கிற இடத்தில்தான் பைப்பு வெடிக்கும் என்று நினைச்சுடாதீங்க. ஒரு இடத்தில் ஐஸ் அடைச்சுக்கும். அதுக்கும் மூடின குழாய்க்கும் நடுவில் மாட்டின தண்ணிக்குப் போக இடமில்லை. ஐஸ் வளர வளர அழுத்தம் எகிறும், பலவீனமான இடம் பிளக்கும். குழாயைத் திறந்து வெச்சிருந்தா பல நேரம் தப்பிக்கலாம் என்பது இதனால்தான்.

அடுத்தது, ஸ்வெட்டர் மயக்கம். ஸ்வெட்டர் நம்மைச் சூடாக்கறதில்லை, நம்ம உடம்புச் சூட்டைப் பிடிச்சு வைக்குது, அவ்வளவுதான். ராத்திரி பூரா அசையாம நிக்கிற தண்ணிக்கு ஏது சூடு? ஃபோம் சுத்தினா உறையறது சில மணி நேரம் தள்ளிப் போகும். இங்கே டிசம்பர் ராத்திரி சுமார் 14 மணி நேரம். மின்சாரத்தில் சூடாகுற கேபிளைப் பைப்பில் சுத்தலாம்தான். ஒரு ராத்திரி கரண்ட் போனா கதை முடிஞ்சது.

அத்தை பையன் மினசோட்டாவில் காருக்குப் பின்னால் இழுத்துப் போற டிரெய்லர் வீடு வெச்சிருக்கான். அங்கே ஜனவரியில் லேயை விடவும் மோசமா இறங்கும். ஃபோமை நம்பாதே என்று அவனும் சிரிச்சான். குளிர் வர்றதுக்கு முன்னாடி தொட்டி, ஹீட்டர் எல்லாத்தையும் காலி பண்ணி, பைப்பில் காத்தடிச்சு, கழிவுநீர் வளைவில் ரோஸ் கலர் திரவம் ஊத்திடறானாம். அது புரோப்பிலின் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊத்தற எத்திலின் கிளைக்கால் விஷம், மாத்தி ஊத்திடாதீங்க. அவ்வளவு பணமும் சாமானும் இருக்கிற ஊரிலும் கடைசியில் செய்யறது அமாலே சொன்னதைத்தான்.

இப்ப நான் ஒவ்வொரு அக்டோபரிலும் செய்யறது இது. கீழே மெயின் வால்வை மூடுவேன். கீசர் ஸ்விட்சை அணைச்சு, ஆற விட்டு, தண்ணியை இறக்குவேன் (காலி கீசரைப் போட்டா காயில் கருகிடும்). மேலே எல்லாக் குழாயையும், வெந்நீர், பச்சைத் தண்ணி ரெண்டையும், திறந்து விட்டுட்டு, ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிற வடிகால் குழாயைத் திறப்பேன். ஃபிளஷ் டேங்கை அழுத்திக் காலி பண்ணி, மிச்சத்தைத் துணியால் ஒத்தி எடுப்பேன். குழாய்கள் மார்ச் வரை திறந்தே இருக்கும். அரை நாள் வேலை.

இதில் ஒரு சிக்கல். என் வீட்டில் அந்த வடிகால் குழாயே முதலில் கிடையாது, நான்தான் அப்புறம் வெச்சேன். லேயில் இப்ப எழும்புற பல கட்டடங்களிலும் இதே கதைதான். சமவெளிக்குப் போட்ட டிராயிங்கை அப்படியே 3,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிட்டு வர்றோம். வடக்குச் சுவரின் வெளிப்பக்கம் பைப்பு, சரிவே இல்லாத கிடைமட்ட ஓட்டம், ரூமுக்கு ஒரு பாத்ரூம். அப்புறம் '24 மணி நேரமும் வெந்நீர்' என்று போர்டு மாட்டி, அதைக் காப்பாத்த ராவெல்லாம் ஜெனரேட்டர். இது எங்க தொழில்காரங்க செய்யற தப்பு. அமாலே வீட்டில் இருக்கிற உலர் கழிப்பறைக்குக் குளிர்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம். அதைப் பழசு என்று நாம் சொல்றோம்.

"அப்ப பொம்பளைங்க மைனஸ் 16-ல் வாளி தூக்கணுமா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி, அடிபம்பில் நின்ன அம்மாவின் பிள்ளை நான் இதுக்குப் பதில் சொல்லாம நழுவ முடியாது. வேண்டாம். காலி பண்ணுங்க என்றால் குழாயே கூடாது என்று அர்த்தமில்லை. தானே காலியாகிற குழாய் வைக்கணும். வால்வு மண்ணுக்கடியில், உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கும். மூடினதும் மேலே நிக்கிற தண்ணி தானாகக் கீழே வடிஞ்சிடும். குளிர் நாடுகளில் தோட்டத்தில் வைக்கிற சாதாரண சாமான்தான் இது. வாசலுக்கு வாசல் அப்படி ஒண்ணு, வீட்டுக்குள்ளே தெற்கு வெயில் படுற ரூமில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. இது போதும். சுற்றுலா வர்றவங்களுக்கு ஒரு வாளி வெந்நீர் தாராளம்.

அமாலேயின் கை கூடிடுச்சு, ஆனா குளிர் ஏறினா வலிக்குது. அதனால குளிர்காலம் பூரா அவர் வீட்டு வாளியும் என் பொறுப்பு. காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு.

நேத்து அம்மா போனில் வழக்கம்போல, "தண்ணி வருதாடா?" என்றாள்.

"இல்லைம்மா, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றேன். கோவில்பட்டியில் இருந்துக்கிட்டு இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது என்று அவளுக்குத் தெரியலை.