முதுகைக் கண்டே மகனை அறிந்தவர்கள்

1944 ஜூன் 6 காலை. பிரான்சின் நார்மண்டிக் கரையில், நேச நாட்டுப் படைகள் ‘ஸ்வோர்டு’ எனப் பெயரிட்டிருந்த பகுதியில், முதலாம் சிறப்புப் பணிப் படையணியைச் சேர்ந்த பிரிட்டிஷ் கமாண்டோக்கள் படகிலிருந்து இறங்கித் தண்ணீரில் நடக்கிறார்கள். இராணுவத்தின் திரைப்பட-நிழற்படப் பிரிவைச் சேர்ந்த கேப்டன் எவன்ஸ் அவர்களுக்குப் பின்னால் நின்று எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் தெரிபவை பெரும்பாலும் முதுகுகளும், அவற்றின்மீது ஏற்றப்பட்ட மூட்டைகளுமே. இலண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்தப் படத்தைப் பாதுகாத்து வருகிறது. அதன் படக்குறிப்பு இருவரைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஒருவர் படையணியின் தலைவரும் ஸ்காட்லாந்து நிலப்பிரபுவுமான லார்ட் லோவட். மற்றவர் அவருக்காக பேக்பைப் வாசித்த பில் மில்லின். மீதிப் பேர் ‘வீரர்கள்’.

பிரபுவுக்குப் பெயர் உண்டு. பிரபுவின் இசைக்காரருக்கும் பெயர் உண்டு. சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்து அதே கடல்நீரில் இறங்கியவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களுடைய பெயர்களைத் தேடும் வேலையைக் கடந்த எண்பது ஆண்டுகளாகச் செய்து வருபவர்கள் அவர்களுடைய தாய்மார்களும் மனைவியரும் மக்களும் பேரப்பிள்ளைகளும்தான். “இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் எங்கள் தாத்தா” என்று ஒரு குடும்பம் சொல்லும்போது, வரலாற்றின் ஒரு வெற்றிடம் நிரம்புகிறது. அந்தச் சிறிய வாக்கியத்தில் அடங்கியிருக்கும் அரசியல் உரிய கவனத்தைப் பெறவில்லை.

பெயர் ஏன் விடுபட்டது?

1941 அக்டோபரில் அமைக்கப்பட்ட அந்த நிழற்படப் பிரிவில் சாதாரணச் சிப்பாய்களே தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி தரப்பட்டு, கேமராவுடன் அனுப்பப்பட்டார்கள். படம் எடுத்தவர் களத்திலேயே ஒரு குறிப்புத்தாள் எழுத வேண்டும். குண்டுகளுக்கு நடுவே யாரிடம் பெயர் கேட்பது? கேட்டு எழுதியவற்றிலும் படைப்பிரிவின் பெயர், இடம் போன்றவற்றைத் தணிக்கையாளர் நீக்கினார். எதிரிக்குத் தகவல் போகக்கூடாது என்பது போர்க்கால நியாயம். ஆனால் போர் முடிந்து, நீக்கப்பட்டவற்றை மீட்டு நிரப்பும் நேரம் வந்தபோது அரசுக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. இராணுவக் கமாண்டோ அணிகள் 1946க்குள் கலைக்கப்பட்டன. கடற்படையின் மெரைன் கமாண்டோக்கள் மட்டுமே நீடித்தனர். பழைய ரெஜிமெண்டுகளைப் போல ஆவணங்களையும் நினைவுகளையும் காத்துவைக்க ஒரு தலைமையகம் இராணுவக் கமாண்டோக்களுக்கு எஞ்சவில்லை. அந்தப் பொறுப்பு வீடுகளில் இருந்த தகரப் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வீடுகள் எப்படி அடையாளம் காண்கின்றன? கமாண்டோக்கள் பல ரெஜிமெண்டுகளிலிருந்து தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். 1942இல் பச்சைத் தொப்பி வரும்வரை அவரவர் பழைய ரெஜிமெண்டின் தொப்பிச் சின்னத்தையே அணிந்திருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கினால் அந்தச் சின்னம் ஒரு தடயம். அவர்கள் பாசறைகளில் தங்கவில்லை. ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் படி வாங்கிக்கொண்டு பொதுமக்களின் வீடுகளில் வாடகைக்குத் தங்கினார்கள். எனவே அந்த வீட்டாரிடம் விட்டுச்சென்ற ஒரு படமும் ஒரு கடிதமும் தடயங்கள். தோளைச் சற்றே சாய்த்து நிற்கும் நிற்பு, தொப்பியைச் சரித்து வைக்கும் பழக்கம் ஆகியவை எந்த ஆவணக் காப்பகமும் அறியாத, உடன் வாழ்ந்தவர் மட்டுமே அறிந்த தடயங்கள்.

படமே கல்லறையானபோது

1942 மார்ச் 28 அன்று பிரான்சின் செயின்ட் நசேர் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதலில் கலந்துகொண்ட சுமார் 610 பேரில் 169 பேர் மாண்டனர். 215 பேர் பிடிபட்டனர். பிடிபட்டவர்களையும் காயமுற்றவர்களையும் படம் எடுத்தவை ஜெர்மன் பிரச்சாரத் துறையின் கேமராக்கள். ஒரு தாய் தன் மகனின் இறுதித் தோற்றத்தை எதிரியின் கேமரா வழியாகக் காண வேண்டிய நிலை அன்று நேர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று ஹிட்லர் ஓர் இரகசிய ஆணை பிறப்பித்தான். பிடிபடும் கமாண்டோக்கள் சீருடையில் இருந்தாலும், சரணடைந்தாலும், கொல்லப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நார்வேயில் ஒரு மின்நிலையத்தைத் தகர்த்துவிட்டுப் பிடிபட்ட ஏழு பேர் ஐந்தே நாள்களில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் பின்கழுத்தில் சுடப்பட்டு எரிக்கப்பட்டனர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. அத்தகையவர்களின் குடும்பங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் எடுத்த குழுப்படமே கல்லறை.

பெயரே மாற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். பத்தாம் கமாண்டோவின் மூன்றாம் பிரிவு, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மன் மொழி பேசும் அகதிகளால் ஆனது. அவர்களில் பெரும்பாலோர் யூதர். அவர்களில் பலரை ‘எதிரி நாட்டவர்’ என்று 1940இல் முள்வேலிக்குள் அடைத்த அதே பிரிட்டிஷ் அரசு, பின்னர் அவர்களுடைய மொழியறிவு தேவைப்பட்டபோது அவர்களுக்கு ஆங்கிலப் பெயர்களையும் பொய்யான பிறப்பு வரலாறுகளையும் கொடுத்துப் போருக்கு அனுப்பியது. மான்பிரட் கான்ஸ் என்பவர் பிரெட் கிரே ஆனார். களத்தில் இறந்தவர்கள் தமதல்லாத பெயரில், தமதல்லாத சிலுவையின் கீழ்ப் புதைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் குடும்பத்தினரும் ஆய்வாளர்களும் முயன்று சில கல்லறைகளில் சிலுவையை மாற்றித் தாவீதின் நட்சத்திரத்தைப் பொறிக்கச் செய்தனர். பாசிசத்தை எதிர்த்து உயிர் தந்தவனுக்கு அவனுடைய சொந்தப் பெயரைத் திருப்பித் தருவதும் பாசிச எதிர்ப்புப் பணியின் ஒரு பகுதியே.

தாயின் கண்ணும் அரசின் கோப்பும்

குடும்பத்தின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி நியாயமானது. பாசம் ஏமாற்றும்; எண்பது ஆண்டு பழைய படத்தில் தெரியும் மங்கலான முகம் யாருக்கும் உறவாகத் தோன்றலாம். ஒரே உருவத்தை இரு குடும்பங்கள் உரிமை கோருவதும் நடக்கக்கூடியதே. ஆனால் அரசின் கோப்பு மட்டும் ஏமாற்றாதா?

1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவில் அமெரிக்க மெரைன்கள் கொடி நாட்டும் படம் இதற்குத் தகுந்த சான்று. அவர்கள் கமாண்டோக்கள் அல்லர். ஆனால் சிக்கல் ஒன்றே. கொடிக்கம்பத்தின் அடியில் குனிந்து, முகம் தெரியாமல் நிற்பவர் ஹேன்சன் என்று அரசு அறிவித்தது. செய்தித்தாளில் அந்த முதுகைக் கண்ட மாத்திரத்தில் பெல் பிளாக் என்ற தாய், அது தன் மகன் ஹார்லன் என்றார். வீட்டாரே நம்பவில்லை. 1947இல் விசாரணை நடந்தது. தாய் சொன்னதே சரி என்று தெரிந்தது. அதே படத்தில் இருந்த மற்ற இருவரின் அடையாளங்களும் தவறு என்று 2016லும் 2019லும் அதே மெரைன் படை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உலகிலேயே அதிகம் அச்சிடப்பட்ட போர்ப்படங்களுள் ஒன்றில், ஆறு பேரில் மூவரின் பெயர்களை ஒரு வல்லரசு தவறாகச் சொல்லியிருந்தது.

ஆகவே குடும்பம் சொல்வதை அப்படியே ஏற்பதும் சரியல்ல, அலட்சியப்படுத்துவதும் சரியல்ல. அதைச் சாட்சியமாகப் பதிந்து, சம்பளப் பதிவேடு, படைப்பிரிவின் நாட்குறிப்பு, பிற படங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு முடிவு காண்பதே அறிவியல் முறை. அதற்கு ஆவணங்கள் திறந்திருக்க வேண்டும்.

எந்தக் குடும்பத்துக்கு எந்தப் படம்?

இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில், காங்கா என்ற ஊருக்கருகே 170ஆம் குன்றுக்காகப் பிரிட்டனின் மூன்றாம் கமாண்டோ படையணி போரிட்டது. அதே காங்காவில் 51ஆம் இந்தியப் படையணியும் இரத்தம் சிந்தியது. அதன் மூன்று பட்டாளங்களுக்கும் தலைமை தாங்கியவர்கள் திம்மையா, தோரட், சென் என்ற இந்திய அதிகாரிகள். அந்தப் போரில் 25 இலட்சம் பேர் இந்திய இராணுவத்தில் இருந்தனர். ஆனால் அக்காலப் படக்குறிப்புகளில் அவர்களில் பெரும்பாலோர் ‘ஒரு சீக்கியச் சிப்பாய்’, ‘கூர்க்கா வீரர்கள்’ என்ற அளவிலேயே நிற்கிறார்கள். பிரிட்டிஷ் குடும்பத்துக்கு அருங்காட்சியகத்தின் படத்தொகுப்பு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜீலத்திலோ கட்வாலிலோ உள்ள விவசாயக் குடும்பத்துக்கு அப்படியொரு படம் இருப்பதே தெரியாது.

இது தற்செயல் அல்ல. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களிலும் பணியாளர்களிலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் இதற்கு மாறான செய்தி ஒன்றும் வந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் முடங்கிக் கிடந்த பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள், சுமார் 3,20,000 பேரைப் பற்றியவை, தேடிப் பார்க்கக்கூடிய வகையில் இணையத்தில் ஏற்றப்படத் தொடங்கின. ஏடு திறந்ததும் கொள்ளுப்பேரன்கள் தங்கள் ஊரின் பெயரைத் தேடிக் கண்டார்கள். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தலைகளுக்குப் பெயர் கேட்ட செய்தித்தாள்

கமாண்டோப் படங்களின் வரலாற்றில் பிரிட்டிஷ் ஆளும் வர்க்கம் மறக்க விரும்பும் பக்கமும் உண்டு. 1952 ஏப்ரலில் பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெய்லி ஒர்க்கர்’ நாளேடு மலாயாவிலிருந்து வந்த ஒரு படத்தை வெளியிட்டது. மெரைன் கமாண்டோ ஒருவர் துண்டிக்கப்பட்ட மனிதத் தலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படம் போலியானது என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு காலனிகளுக்கான அமைச்சர் லிட்டில்டன் நாடாளுமன்றத்தில் அது உண்மையான படமே என்று ஒப்புக்கொண்டார். தலையை வெட்டியதற்கு என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? காட்டிலிருந்து உடலைச் சுமந்து வருவது கடினம். இறந்தவரை ‘அடையாளம் காணவே’ தலை கொண்டுவரப்பட்டதாம்!

மலாயா தமிழ்த் தொழிலாளர்களும் இரத்தம் தந்த மண். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே மாதம் அங்கே தூக்கிலிடப்பட்டார். பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டுக்கொன்ற 24 கிராமவாசிகளின் குடும்பங்கள் விசாரணை கேட்டுப் போராடிய வழக்கை 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஒரே பச்சைத் தொப்பி. நார்மண்டியில் பாசிசத்துக்கு எதிராக, மலாயாவில் விடுதலைக்கு எதிராக. தொப்பிக்கு வணக்கம் செலுத்துவோர் இந்த வேறுபாட்டை மறைப்பார்கள். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்பவர் இரண்டையும் கேட்க வேண்டும்: கேமராவைப் பார்த்து நிற்பவனின் பெயர் என்ன? அவன் கையில் இருப்பவரின் பெயர் என்ன?

இந்தியாவிலும் இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2012 ஜூனில் சத்தீஸ்கரின் சார்கேகுடாவில் கோப்ரா கமாண்டோக்களும் பங்கேற்ற நடவடிக்கையில் 17 பேர் கொல்லப்பட்டு, மாவோயிஸ்டுகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் தங்கள் ஊர்க்காரர்கள் என்று கிராமம் சொன்னது. அதற்குச் சான்று இல்லை என்று அரசின் கூற்றை நீதி விசாரணை ஆணையமே மறுத்தது. அந்த அறிக்கை வெளிவந்தது 2019இல். ஏழாண்டுகளாகக் குடும்பங்கள் சொன்னதே உண்மை.

பெயரைத் திருப்பித் தருவது உபகாரம் அன்று, கடமை. போர்க்காலப் படத்தொகுப்புகளும் பணிப்பதிவேடுகளும் சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும். இந்திய வீரர்களின் படங்களை அவர்களுடைய மாவட்டங்களுக்கே, அவர்களுடைய மொழியிலேயே கொண்டு செல்ல இந்திய அரசு முன்வர வேண்டும். குடும்பங்கள் தரும் சாட்சியம் முறையாகப் பதியப்பட வேண்டும். அந்தச் சாட்சியம் நார்மண்டியிலிருந்து வந்தாலும், பத்தாங் காலியிலிருந்து வந்தாலும், பஸ்தரிலிருந்து வந்தாலும் ஒரே மதிப்போடு கேட்கப்பட வேண்டும். அரசுகளின் கண்ணுக்குச் சிப்பாய் ஓர் எண். கொல்லப்பட்டவர் ஒரு கணக்கு. முதுகைக் கண்டே மகனை அறியும் கண்கள் உழைக்கும் மக்களின் வீடுகளில் இருக்கின்றன.