‘முடியாது’ என்று சொல்லும் உரிமை

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ஆட்சியர் பெயரில் அவ்வப்போது ஒரு சிறிய செய்திக்குறிப்பு வரும். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான் செய்தி. மின் வயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். பெரும்பாலானோர் கண்ணில் அது படுவதேயில்லை. அந்தப் பக்கத்தில் வேறு எந்தச் செய்தியையும்விட அதை முக்கியமானதாக நான் நினைக்கிறேன்.

நம் வீடுகளில் வயரிங் செய்பவர்களில் பலர் எந்த நிலையத்திலும் படித்தவர்கள் அல்லர். பதினைந்து பதினாறு வயதில் மாமாவோடோ பக்கத்து வீட்டு அண்ணனோடோ கையாளாகப் போனவர்கள். முதலில் சுவர் வெட்டுவார்கள், பிறகு பைப் பதிப்பார்கள், ஒயர் இழுப்பார்கள். சுவிட்ச் பாக்ஸில் கை வைக்க ஓரிரு வருடம் ஆகும். அதன்பின் ஒரு நாள் தனியாக வேலை பிடிப்பார்கள். இவர்களுடைய கை நேர்த்தியைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் முப்பது வருடம் வேலை செய்தபின்னும் இவர்கள் கையில் தொழிலுக்கான ஒரு காகிதம்கூட இருப்பதில்லை.

காகிதத்துக்கான நேர்வழி தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு வயர்மேன் பிரிவு இருக்கிறது. அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் தேசிய தொழிற்சான்றிதழ். அதன்பிறகு 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஏதாவது ஓர் ஆலையிலோ மின்நிறுவனத்திலோ அப்ரண்டிஸ் பயிற்சி. தமிழக அரசு ஐடிஐ-களில் பயிற்சி இலவசம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. தொழில்செய்யும் தகுதிச் சான்றிதழைத் தருவது சென்னை கிண்டியிலுள்ள மின் உரிம வாரியம். சூப்பர்வைசருக்கு ‘சி’, வயர்மேனுக்கு ‘பி’, உதவியாளருக்கு ‘எச்’. தகுதிகாண் தேர்வில் தேறிய அனுபவசாலிக்குக் கிடைப்பது அந்த ‘எச்’. வீட்டுச் சூழலால் பள்ளிப் படிப்பை விட்டவனுக்கு இந்த முறை வைத்திருக்கும் கதவு அது. உச்ச வயது இல்லை என்ற வரியை எழுதிய அதிகாரி யாரோ, தொழிலாளியின் வாழ்க்கையை அறிந்தவர்.

சட்டம் இந்தச் சான்றிதழை நேற்று இன்று கேட்கவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அதைத் தொடர்கின்றன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர, மற்ற மின்வேலைகளை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவர் நேரில் மேற்பார்க்க வேண்டும்.

நடப்பில் என்ன ஆகிறது என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். வேலையை ஒருவர் செய்வார். புது இணைப்புக்கான சோதனை அறிக்கையில், அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காத இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துக்கு ஒரு தொகை. செய்தவரிடம் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் உள்ளவர் வேலையைப் பார்க்கவில்லை. இந்த இடைவெளியில்தான் உயிர்கள் போகின்றன. மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன.

அனுபவம் போதாதா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிடுகிறோம். வந்தவர் 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டுகிறார். டிரிப் நின்றுவிடுகிறது, நமக்கும் சந்தோஷம். எம்சிபி காப்பாற்ற வேண்டியது சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒன்றரை ஸ்கொயர் ஒயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், ஒயர் சூடாகி இன்சுலேஷன் உருகும்வரை எம்சிபி பேசாமல் இருக்கும். மாட்டத் தெரிந்தவருக்கு, எதற்காக மாட்டுகிறோம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்தது எர்த். பழைய வீட்டில் எர்த் ஒயர் இல்லையென்றால், த்ரீ பின் பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் லூப் அடித்துவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கிரைண்டர் ஓடும், வாஷிங் மெஷின் ஓடும். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்த அன்று, அந்த மெஷினின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரக்கையோடு தொடுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ வேலைக்கு வரும் அக்காவோதான். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி எதற்கு, 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கும்போது இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பது ஏன் என்பவையெல்லாம் வகுப்பறையிலும் பயிற்சிக் கூடத்திலும் பதிய வேண்டிய பாடங்கள். மின்சாரத்தில் தப்பு செய்து கற்றுக்கொள்ள வழியில்லை.

எங்கள் பகுதியில் வயரிங் செய்யும் அண்ணன் ஒருவர் நாற்பதைத் தாண்டியபின் அந்தத் தேர்வை எழுதித் தேறினார். “படிச்சதுல புதுசா என்னண்ணே கிடைச்சது?” என்று கேட்டேன். “முன்னெல்லாம் வீட்டுக்காரர் எர்த்துக்குக் குழி தோண்ட வேணாம், செலவுன்னா சரிங்கன்னுட்டு வந்துடுவேன் தம்பி. இப்போ என் பேர்ல சான்றிதழ் நம்பர் இருக்கு. முடியாதுங்க, வேற ஆளப் பாருங்கன்னு சொல்றேன். வேற ஆளப் பார்க்கிறவங்களும் உண்டு, பாதிப் பேரு குழி தோண்டிடுறாங்க” என்றார்.

பயிற்சியின் பயனை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை. காரணம் தெரியாதவனால் மறுக்க முடியாது. காரணம் தெரிந்தும் கையில் காகிதம் இல்லாதவன் மறுத்தால், அவன் பேச்சை மேஸ்திரிகூடக் கேட்க மாட்டார். தப்பான வேலைக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையைச் சான்றிதழ் தொழிலாளிக்குத் தருகிறது. அந்த உரிமை அவர் உயிரையும் காக்கிறது, நம் பிள்ளைகள் உயிரையும் காக்கிறது. ஆகவே சான்றிதழ் இல்லாதவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவரை அந்தத் தேர்வு மேசைவரை கொண்டுசேர்ப்பதுதான் நம் வேலை.

அதற்குத் தடையாக இருப்பவை பெரிய விஷயங்கள் அல்ல. தினக்கூலி வாங்குபவருக்குத் தேர்வு நாள் என்றால் சம்பளம் போன நாள். அனுபவத்துக்குச் சான்று கொடுக்க முதலாளி என்று ஒருவர் இருப்பதில்லை. இணையத்தில் விண்ணப்பிக்கத் தயக்கம். அரசு ஐடிஐ-களில் தொழிலாளருக்கான மாலைநேர வகுப்பு என்ற நல்ல ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதில் தேறியவர்களும் இந்தத் தேர்வை எழுதலாம். அந்த வகுப்பை ஒவ்வொரு தாலுகாவுக்கும் கொண்டுபோக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையிலும் நடத்த வேண்டும். செய்திக்குறிப்பு ஆட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடாமல் எலக்ட்ரிகல் கடைகளின் கல்லாவரை போய்ச் சேர வேண்டும். பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடும் உரிமத்தை வாரியம் தயங்காமல் ரத்து செய்ய வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டைல்ஸைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறீர்கள், வயரிங் செய்பவரிடம் “லைசென்ஸ் இருக்கா தம்பி?” என்று ஒரு தடவை கேளுங்கள். இல்லையென்றால், உரிமம் உள்ள கான்ட்ராக்டர் நேரில் வந்து வேலையைப் பார்த்து, உங்கள் கண்முன்னே மெக்கர் வைத்து, எர்த் சோதித்தபின் கையெழுத்திடட்டும். வேலை செய்த தம்பியை அனுப்பிவிடாதீர்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது அவருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள், ஐந்தாண்டு அனுபவத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள், தேர்வு நாளின் கூலியை நீங்கள் கொடுங்கள். ஒரு வீட்டின் செலவில் அது கணக்கிலேயே வராத தொகை.