கேட்டலும் கூறலும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். ஏட்டைப் படித்த அளவில் கல்வி நிறைவு பெறாது. செவியால் கேட்டுப் பெறும் அறிவும் வேண்டும் என்பது அவர் கருத்து. தாய்மொழியைக் குழந்தை இவ்வழியிலேயே பெறுகிறது. முதலில் கேட்கிறது, பின்னர்ப் பேசுகிறது, எழுத்து அதன் பின்னரே வருகிறது. ஆயினும், ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் பலவற்றில் இம்முறை தலைகீழாகிவிடுகிறது. அங்கு எழுத்து முதலில் வருகிறது. பேச்சோ வராமலே போய்விடுகிறது.

இதன் விளைவைக் காண ஆரணி நகரமே தக்க இடமாகும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அவ்வூர், பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. அங்கு நெசவாளர் வீட்டில் வளரும் மாணவன் ஒருவன், பசுவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் தடையின்றி ஒப்பிக்கக் கூடும். ‘உன் பாட்டனார் என்ன தொழில் செய்தார்?’ என்று அதே மொழியில் வினவினால், அவன் தலைகுனிந்து நிற்பான். பசுவைக் காட்டிலும் பாட்டனாரை அவன் நன்கு அறிவான். சொல்லப் பொருள் இருக்கிறது; சொல்லிப் பழக்கம் இல்லை. இந்நிலை நீடித்தால், தன்னிடம் அறிவே குறைவு என்று அவன் எண்ணத் தொடங்கிவிடுவான். மொழி தெரியாமையினும் கொடியது இவ்வெண்ணம்.

இக்குறை நீங்க, மாணவர் தம் சொந்த நினைவுகளை ஆங்கிலத்தில் கூறவும், பிறர் நினைவுகளைக் கேட்கவும் பழக வேண்டும். என். எஸ். பிரபு என்னும் கல்வியறிஞர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் பெங்களூரு, சென்னை முதலிய இடங்களில் சில பள்ளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை முன்னிறுத்தாமல், வரைபடம், இரயில் கால அட்டவணை போன்றவற்றைக் காட்டி, மாணவர் சிந்தித்து விடை காணுமாறு ஆங்கிலத்தில் வினாக்கள் எழுப்பப்பட்டன. கருத்து பொருளில் ஊன்றும்போது மொழியின் அமைப்பு தானே மனத்தில் படியும் என்பது அச்சோதனையின் அடிப்படை. பிரபு சிறப்பாகப் போற்றியவை ஆராய்ந்து விடை காணும் வினாக்களே. எனினும், அவர் கண்ட கொள்கை நினைவுரைக்கும் பொருந்தும். தன் வாழ்வில் நிகழ்ந்ததைக் கூறும்போது எவர் கருத்துத்தான் பொருளில் ஊன்றாது?

இப்பயிற்சியில் கேட்டலே முதற்படி. ஆசிரியர் தம் இளமை நிகழ்ச்சி ஒன்றைச் சிறு வாக்கியங்களில் இருமுறை கூறலாம். மாணவர் ஏடுகளை மூடி வைத்துக் கேட்க வேண்டும். பின்னர் இருவர் இருவராக அமர்ந்து பேசலாம். ‘தீபாவளிக்கு முன் எங்கள் தறி இரவிலும் ஓயவில்லை’ என்று ஒருத்தி கூறுகிறாள். ‘அப்போது தார் சுற்றியவர் யார்?’ என்று தோழி வினவுகிறாள். அவ்வினா அடுத்த வாக்கியத்தை ஈன்றெடுக்கிறது. கேட்டவள் தான் கேட்டதை வகுப்பில் எடுத்துரைக்க வேண்டும் என்று விதித்துவிட்டால், செவி சோம்பியிராது.

பேச்சின் நடுவே பிழை திருத்துதல் நன்றன்று. நெய்தலைக் குறிக்கும் ‘வீவ்’ என்னும் ஆங்கில வினை, இறந்த காலத்தில் ‘வோவ்’ என்று ஆகும். மாணவி ‘வீவ்டு’ என்று கூறினாலும் கதை நடக்கட்டும். அவள் முடித்த பின், ஆசிரியர் அதே வாக்கியத்தைத் திருத்தமாகத் திரும்பக் கூறினால் போதும். நாணம் அடைந்த நா மீண்டும் எளிதில் அசையாது.

தறிக்கு உரிய சொற்கள் ஆங்கிலத்தில் கிடைக்குமா என்று சிலர் ஐயுறுவர். பாவு ‘வார்ப்’ எனப்படும்; ஊடை ‘வெஃப்ட்’ எனப்படும். ஈடான சொல் இல்லாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே வைத்து விளக்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் தமிழிலிருந்து கடன் கொண்ட மொழியன்றோ ஆங்கிலம்!

தேர்வு நெருங்கும்போது இதற்குப் பொழுது ஏது என்பர் வேறு சிலர். வாரத்திற்கு ஒரு பாடவேளை போதும். தன் வாழ்வைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் பேச வல்லவன், அவற்றை எழுதவும் வல்லவன் ஆவான். மனப்பாடம் செய்தவனோ, வினா சற்று மாறினும் திகைப்பான்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. நினைவுகள் அனைத்தும் இனியன அல்ல. கடனும் நோயும் பிரிவும் பல வீடுகளில் உண்டு. ஆதலின், எதனைக் கூறுவது, எதனைக் கூறாது விடுவது என்பது மாணவர் உரிமையாக இருத்தல் வேண்டும். கேட்டதை நகைப்புக்கு உரியதாக்காமல் இருப்பது கேட்பவர் கடமை. மொழிப் பயிற்சி இவ்வாறு பண்புப் பயிற்சியும் ஆகிறது.

வகுப்பில் கூறுவதற்காக மாணவன் வீட்டில் முதியோரை அணுகி வினவுவான். பாவு நீட்டிய தெரு, முதற்சேலை நெய்த நாள், கூலி குறைந்த காலம் ஆகியவற்றை அவர்கள் தமிழில் கூறுவர். கேட்பார் இன்றி மறைய இருந்த செய்திகள் இளைய தலைமுறையைச் சேரும். ஊடை மட்டும் சேலை ஆகாது. அதனைத் தாங்கப் பாவு வேண்டும். தாய்மொழியில் திரண்ட வாழ்வே பாவு. பின்னர்க் கற்கும் மொழி ஊடை. இரண்டையும் இணைத்து நெய்யும் மாணவர், எந்த அவையிலும் அஞ்சாது பேசுவர்.