கர்த்தர் பார்த்துக்கொள்வார்... சரி, நீங்கள்?

திருப்பிக் கட்ட வழி தெரியாமல் கடன் வாங்குபவரும் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். பரீட்சைக்குப் படிக்காதவரும் அதையே சொல்கிறார். இதற்குப் பெயர் விசுவாசமா? கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது பதில் சொல்வது மனைவியும் பிள்ளைகளும்தானே! பழியைக் கர்த்தர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

மத்தேயு 6-ல் ஆகாயத்துப் பறவைகளைக் காட்டிய அதே இயேசுதான், லூக்கா 14-ல் கோபுரம் கட்டுபவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். முதலாவது மட்டும் நமக்கு மனப்பாடம்!

1836-ல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர் யாரிடமும் பணம் கேட்கவில்லை, ஜெபித்தார். ஆனால் வந்த காசுக்குக் கணக்கெழுதி அச்சிட்டு வெளியிட்டார். நம்மூர் டோனாவூரில் ஏமி கார்மைக்கேலும் கையேந்தாமல்தான் ஜெபித்தார். கூடவே குழந்தைகளை மீட்க ஊர் ஊராக அலைந்தார்.

பழனிசெட்டிபட்டியில் ஓடும் முல்லைப் பெரியாற்றைப் பாருங்கள். மழை தேவன் கொடுத்தது. அது மேற்கே கடலுக்குப் போகாமல் இங்கே திரும்ப, 1887 முதல் 1895 வரை மனிதர்கள் அணை கட்டினார்கள். வெள்ளம் அடித்துப்போனதையும் மறுபடி கட்டினார்கள்.

எல்லாம் செய்த பிறகும் நாளையைப் பற்றிய பயம் மிஞ்சும். அந்தப் பயத்தைக் கர்த்தரிடம் கொடுங்கள். வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.