ஏழு இரவுக்கும் என்ன சமையல்?

"வாரத் தொடக்கத்திலேயே ஏழு நாள் இரவுச் சமையலையும் திட்டமிட்டு விடுங்கள், செலவு குறையும், சத்தும் சேரும்" என்று குடும்பப் பெண்களுக்கு உபதேசம் செய்வோர் பெருகிவிட்டார்கள். யோசனையில் தவறில்லை. ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தாய்மார்கள் திட்டம் போடாமலா குடும்பம் நடத்துகிறார்கள்?

பட்டாசு ஆபீசுக்கு ஆள் ஏற்றும் வண்டி காலையிலேயே வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு மதியம் பள்ளிச் சத்துணவு. வீட்டார் எல்லோரும் கூடி உண்பது இரவில் மட்டுமே. சனிக்கிழமை கூலி வாங்கும் ஒரு தாய் சொன்ன கணக்கு இது: ஞாயிறு கறிக்குழம்பு. திங்கள் சாம்பார். செவ்வாய் முருங்கைக்கீரையும் பருப்பும். புதன் புளிக்குழம்பு, காணத் துவையல். வியாழன் கருவாடு. வெள்ளி வெறும் ரசம். சனி, கூலியைப் பார்த்துத்தான் அடுப்பு.

இந்தத் திட்டத்தில் எந்த நிபுணர் என்ன திருத்தம் சொல்லப் போகிறார்? திட்டத்தைக் கெடுப்பது அவளுடைய அறியாமை அல்ல. செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பிடித்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலை மூடல். 2018 அக்டோபர் 23 அன்று சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விதித்தபின் பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி நின்றது, பசி நின்றதா?

பருப்புக் கணக்கைப் பாருங்கள். ரேஷனில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு, விலை 30 ரூபாய். நாலு பேருக்கு ஓர் இரவு சாம்பாருக்கு 150 கிராம் என்றாலும் ஏழாவது இரவுக்கே பருப்பு பற்றாது. ஐதராபாத் தேசிய சத்துணவு நிறுவனமோ ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம் வேண்டும் என்கிறது. நாலு பேருக்கு 340 கிராம். அந்த ஒரு கிலோ மூன்று நாளைக்குக் கூடக் காணாது!

விருதுநகரோ பருப்பு, எண்ணெய், வற்றல், மல்லி வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். மூட்டை மூட்டையாகப் பருப்பு கைமாறும் அதே மாவட்டத்தில், நம் பெண்கள் அண்ணாச்சி கடையில் நூறு கிராம் பொட்டலம் வாங்குகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது: ரேஷன் பருப்பை அட்டைக் கணக்கில் அல்லாமல் ஆள் கணக்கில் கொடு. 2023ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு வந்தது போல, நம் கரிசலில் விளையும் கம்பும் சோளமும் நம் கடைக்கு வரட்டும். ஆலை மூடிய நாட்களுக்கு நிவாரணக் கூலி கொடு.

நம் ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அவளும் பகலெல்லாம் உழைத்துவிட்டுத்தான் வருகிறாள். எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதுதான் அவள் பங்கு. வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் அடுப்பை மூட்டுங்கள். அவளை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. இன்று இரவே தொடங்கலாம்.