ஓரப் பார்வை

தேனியிலிருந்து கம்பத்துக்குச் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி என்னும் ஊர் இருக்கிறது. சித்திரை மாதத்தில் அங்கே கௌமாரியம்மன் திருவிழா நடப்பதும், பள்ளத்தாக்கு முழுவதுமே அங்கு திரண்டுவிடுவதும் நேயர்கள் அறிந்ததே. பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் அங்கே வழிபட்டு, அம்மன் அருளால் ஒரு கண்ணும், கண்ணீசுவரமுடையார் அருளால் மற்றொரு கண்ணும் பெற்றான் என்பது ஸ்தல புராணம். அந்த நம்பிக்கையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கண் புரையினால் மறைந்த பார்வை சஸ்திர சிகிச்சையினால் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. கண் நீர் அழுத்த நோயினால், அதாவது கிளாக்கோமாவினால், போன பார்வையை இன்றைய வைத்திய சாஸ்திரத்தினால் மீட்டுத்தர இயலவில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே.

கண்ணுக்குள்ளே தெளிந்த நீர் ஒன்று இடைவிடாமல் ஊறி, மூலையிலுள்ள நுண்ணிய சல்லடை வழியே வடிந்துகொண்டிருக்கிறது. மடைக்கும் மதகுக்கும் பழகிய கம்பம் பள்ளத்தாக்கினருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வரத்து குறையாமல் வடிகால் மட்டும் தூர்ந்துபோனால் வயல் என்ன ஆகுமோ, அதுவே கண்ணுக்கும் நேர்கிறது. அழுத்தம் ஏற ஏற, மூளைக்குக் காட்சியைக் கொண்டுசெல்லும் நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. சிலருக்கு அழுத்தம் மிகாமலே நரம்பு நலிவதும் உண்டு. திடீரென்று வடிகால் முழுதும் அடைபடும் வகையில் கடும் வலியும், கண் சிவப்பும், வாந்தியும் உண்டாகும். விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரியும். அதைப் பித்தத் தலைவலி என்று கருதிச் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால், விடிவதற்குள் பெருந்தீங்கு நேர்ந்துவிடலாம். ஆனால் நம் நாட்டில் அதிகமாகக் காணப்படும் மற்றொரு வகையிலோ வலி என்பதே இல்லை.

இந்த நோயின் விசித்திரம் என்னவென்றால், நடுப் பார்வை கடைசி வரையில் தங்கியிருக்கிறது. பெரியவர் திண்ணையில் அமர்ந்து பத்திரிகையின் பொடி எழுத்தைப் படிக்கிறார். எழுந்து உள்ளே போகும்போது நிலைப்படியில் இடித்துக்கொள்கிறார். “படிக்க மட்டும் கண் தெரிகிறதாக்கும்!” என்று வீட்டிலுள்ளோர் நகைக்கிறார்கள். கடைத்தெருவில் பக்கத்தில் வந்த உறவினரைக் கவனியாமல் சென்றால், கண்டும் காணாமல் போகும் கர்வம் பிடித்தவர் என்ற பெயர் வருகிறது. வரப்பின் மீது நடக்கும் உழவருக்கு ஓரப் பார்வை எத்தனை அவசியம்! இருள் பிரியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களை நினைத்துப் பாருங்கள். மங்கிய நிழலும், வழுக்கும் சரிவும் நோய் கண்ட கண்ணுக்குப் பெரும் பகைகள். இரண்டொரு முறை விழுந்தெழுந்த பின், தாமாகவே வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். கோயிலுக்கும் போவதில்லை, கல்யாணத்துக்கும் போவதில்லை. கண்ணைக் காட்டிலும் இதுவே பெரிய நஷ்டம் என்பது நமது அபிப்பிராயம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயது கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-ல் வெளியிட்ட கணக்குப்படி, நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுகாறும் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

இம்மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணியும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்ட அந்தப் பெரியார், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-ல் 11 படுக்கைகளுடன் ஆரம்பித்தார். 1985-ல் தேனியில் கிளை ஏற்பட்டது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பெர்க்லி சர்வகலாசாலையாரின் துணைகொண்டு, சுற்றுவட்டாரப் பார்வை மையங்களைத் தேனியுடன் கம்பியில்லாத் தொடர்பினால் இணைத்தார்கள். மையத்திலிருந்தபடியே நோயாளி தேனி வைத்தியரை முகம் பார்த்துப் பேச வழி பிறந்தது. 1992-ல் மதுரையில் தோன்றிய அரோலாப் என்ற சுதேசித் தொழிற்சாலை கண் மருந்துகளையும், நீர் வடியச் செய்யும் சிறு கருவியையும் மலிவாகச் செய்து தருவது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

இத்தனை இருந்தும் பலர் சொட்டு மருந்தை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் எளிது. மருந்து விட்டதால் பார்வை தெளிவதில்லை. விடாததால் அன்றைக்கே மங்குவதுமில்லை. பலன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு ஆயுள் முழுவதும் பணம் செலவிடக் கூலிக்காரர் மனம் எப்படித் துணியும்? க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தாலுகா ஆஸ்பத்திரிகள் வரையில் இச்சொட்டு மருந்துகள் தடையின்றிக் கிடைக்கும்படி சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் முகாம்களிலும் புரையை மட்டும் தேடாமல் நரம்பையும் நோக்க வேண்டும். நோயாளியின் உடன்பிறந்தாரையும் மக்களையும் பரிசோதிப்பது இன்றியமையாதது. இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது.

மருந்து விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை ஓரிரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மருந்துகளானால் இடையே 5 நிமிஷமாவது கழியட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். டிமோலால் என்ற மருந்து அவர்களுக்கு ஆகாது. கண் அரிப்புக்கென்று கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்வோர், இல்லாத நோயை விலைக்கு வாங்குகிறார்கள்.

மற்றொன்று பலர் அறியாதது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எழுத்துப் பலகையை மட்டும் பார்த்து நிற்கவில்லை. பார்வையின் பரப்பு 40 டிகிரிக்குக் கீழ் 10 வரை சுருங்கியிருந்தால் அது குறைபார்வை. 10-க்கும் கீழானால் பார்வையின்மை. பொடி எழுத்துப் படிப்பவர் என்ற காரணத்தால் அவருக்குச் சான்றிதழ் மறுக்கப்படலாகாது.

வீட்டில் செய்யவேண்டியவை அதிகமில்லை. நடைபாதையில் குடத்தையும் மணையையும் போட்டு வைக்காதிருத்தல். இரவில் கொல்லைப்புறத்தில் ஒரு விளக்கு. கருங்கல் படிகளின் விளிம்பில் நாலு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்கும்போதே இதையும் அடித்துவிடலாம். மட்டையில் மிஞ்சும் சுண்ணாம்பே போதும்.